மூடாத ஏழு கதவுகள்

அன்பரசுக்கு மகன் பிறந்த வியாழக்கிழமை காலை எட்டே காலிலிருந்து, குமராட்சி கீழத்தெருவின் ஏழு வீட்டு வாசற்கதவுகளும் மூடவில்லை. தச்சர் வந்து பார்த்தார். கீலில் குற்றமில்லை, மரமும் ஊறவில்லை. நாய்கள் சமையலறை வரைக்கும் வந்து போயின.

காரணம் மினிபஸ் ஓட்டும் அன்பரசுக்குத் தெரியும். ஐந்தாம் மாதமே கடலூரில் ஸ்கேன் பார்த்துச் சொல்லிவிட்டார்கள்: குழந்தையின் வயிற்றுச் சுவர் தொப்புளுக்கு வலப்பக்கம் மூடவில்லை, குடல் வெளியே மிதக்கிறது, மேலே சவ்வுகூட இல்லை. அன்றிலிருந்து வீட்டில் ஒரு டப்பாவைக்கூட அவன் திறந்துவைக்க விடவில்லை. ஆனால் மனைவி கயல்விழிக்கு வலி எடுத்ததும், பிரசவம் லேசாகட்டும் என்று வழக்கப்படி பூட்டு, பெட்டி, பீரோ எல்லாவற்றையும் திறந்துபோட்டான். தெருக்காரர்களையும் கதவைத் திறக்கச் சொன்னான். பாவி மனுஷன், பிள்ளையின் வயிறே திறந்துகிடப்பதைப் பதற்றத்தில் மறந்தே போனான்.

சிதம்பரம் ஆஸ்பத்திரியில் டாக்டர் ஃபஹீமா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். "நீங்க தொறந்ததால வந்ததில்லீங்க இது. மூணாம் மாசத்துக்குள்ளயே ஆயிப்போனது. தினம் கொஞ்சம் கொஞ்சமா உள்ள எறக்கிடுவோம்" என்றார். குடலைக் கண்ணாடி மாதிரி ஒரு பையில் போட்டு, வயிற்றுக்கு மேலே நிமிர்த்திக் கட்டினார். வெள்ளிக்கிழமை கொஞ்சம் குடல் உள்ளே இறங்கிய அதே நேரத்தில் தெருக்கோடி வீட்டுக் கதவு தானாகச் சாத்திக்கொண்டது. அப்புறம் நாளுக்கு ஒரு கதவு. திங்கட்கிழமை மட்டும் ஒன்றும் மூடவில்லை. அன்று வயிறு இறுகிப்போய் டாக்டர் கையே வைக்கவில்லை, அன்பரசு சோறே தின்னவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை ஆபரேஷனில் வயிற்றைத் தைத்து முடித்தபோது, ஏழாவதாக அவன் வீட்டுக் கதவும் மூடியது. உள்ளே யாரும் இல்லை, தாழ்ப்பாள் மட்டும் உள்பக்கம் விழுந்திருந்தது.

இனி குடல் வேலை செய்ய வேண்டும். பிள்ளை வெளிக்குப் போனால்தான் பால். பதினோரு நாள் போகவில்லை. சத்தெல்லாம் நரம்பு வழியாகவே ஏறியது. கயல்விழி பால் கட்டிக்கொண்டு அழுதாள். "ஒரே ஒரு தடவை போயிடுடா, என் ராசா" என்று அன்பரசு கண்ணாடிக்கு வெளியே நின்று கெஞ்சினான். வயிறு கல்லாகவே இருந்தால் மறுபடியும் திறக்க வேண்டிவரும் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

பன்னிரண்டாம் நாள் காலை எதிர்வீட்டுக் கொளஞ்சி போன் செய்தான். "மச்சான், ஒன் வூட்டுக் கதவு அகலமா தொறந்துக்கிச்சு. யாரும் கை வெக்கல."

அன்பரசு ஓடிப்போய்ச் சொன்னான். டாக்டர் ஃபஹீமா ஏன், எப்படி என்று கேட்கவில்லை. குழந்தையின் துணியை விலக்கிப் பார்த்தார். கரும்பச்சையாக, நிறையவே இருந்தது. கேஸ் ஷீட்டில் "காலை 7.10, வாசற்கதவு திறந்தது" என்று எழுதினார். அதற்குக் கீழே, தாய்ப்பால் இரண்டு மில்லி கொடுக்கலாம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.