எழுந்துகொள்ளாத பெயர்

சனிக்கிழமை பிற்பகல், அமெரிக்காவின் எடிசன் நகரில் நடன வகுப்புக்கு வெளியே, செழியன் காரில் மகளுக்காகக் காத்திருந்தான். தூறல். கையில் போன். ஆன்லைன் போக்கர் மேசையில் காலியாக இருந்த இருக்கையில் ஒரு பெயர் வந்து உட்கார்ந்தது. வைகை ஜேபி. முன்னால் நாற்பது டாலர்.

அந்தப் பெயரில் ஆடிய நண்பன் ஜெயபிரகாஷ் இறந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. தகன நிலையத்தில் பெட்டியின் ஒரு முனையைப் பிடித்தவன் செழியன்.

மற்றவர்கள் இருநூறோடு ஆடும் மேசையில் நாற்பதோடு உட்காருவது ஜெயபிரகாஷின் பழக்கம். இதே இடத்தில், பக்கத்துக் காரிலிருந்து ஆடுவான்.

"கொஞ்சமா வெச்சா கொஞ்சம்தான் போகும் மச்சி. டபுள் ஆச்சா, எழுந்துடணும்."

"பெருசா ஜெயிக்கவே மாட்டே. டேபிள்ல எல்லாரும் உன்னக் கொசுன்னு திட்றாங்க."

"கொசுவுக்கு மார்ட்கேஜ் இல்லடா."

உண்மையிலேயே வீட்டுக் கடன் இல்லை. பத்து வருடமும் வாடகை வீடு. கிரீன் கார்டு வரட்டும் என்று நல்ல சோபாகூட வாங்கவில்லை. எந்த நாளும் கிளம்பிவிடக்கூடியவன் போலவே இருந்தான்.

அந்தப் பெயர் நாற்பதையும் நடுவில் தள்ளியது. ஒருவன் ஈடுகொடுத்தான். அடுத்து செழியன். கையில் இரண்டு ஏஸ், இருப்பதிலேயே பெரிய சீட்டு. யோசிக்க விட்ட நேரத்தைக் காட்டி, அவன் பெயரைச் சுற்றியிருந்த பச்சை வளையம் சுருங்கத் தொடங்கியது. அந்தப் பெயரிடமிருந்து எடுக்க அவனுக்குக் கை வரவில்லை. ஆடாமல் சீட்டைப் போட்டுவிட்டான். மற்ற இருவரின் சீட்டும் திறந்தன. வைகை ஜேபியிடம் இரண்டு ஒன்பது. அதுவே ஜெயித்தது. எண்பது சொச்சம்.

இனி எழுந்துவிடும். செழியன் பார்த்துக்கொண்டே இருந்தான். எழவில்லை. அடுத்த ஆட்டத்தின் சீட்டும் அதற்கு வந்தது.

அப்படியானால் ஆடுவது யார்? நிமிர்ந்தான். மூன்று கார் தள்ளி ஜெயபிரகாஷின் சாம்பல் நிற வண்டி. ஓட்டுநர் இருக்கையில் அவன் மனைவி ஸ்வர்ணா. குனிந்த முகத்தில் பச்சை வெளிச்சம்.

போய்த் தட்டினான். கண்ணாடியை இறக்கினாள். அவள் போனை மறைக்கவில்லை.

"பாஸ்வேர்ட் இதுலயே சேவ் ஆகியிருந்துச்சுண்ணா. அவர் போட்டு வெச்சதுல இந்த நாப்பதுதான் மிச்சம். ஆடற வரைக்கும் பேர் சுத்திப் பச்சையா எரியுது பாருங்க."

"டபுள் ஆயிடுச்சுல்ல. எழுந்துடும்மா. இதுவும் போச்சுன்னா அப்புறம் உட்காரவே முடியாது."

"எழுந்தா பேர் போயிடும்."

"அடுத்த வாரம் வரும்."

"போயிட்டு வரேன்னுதான் அவரும் சொன்னாரு."

தான் போட்ட ஏஸைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தான். அதை ஆடியிருந்தால் நாற்பதும் போய், இந்நேரம் அவள் அழுது முடித்திருப்பாள் என்று தோன்றியது.

உள்ளே தாளம் போட்ட தட்டுக்கழியின் சத்தம் ஓய்ந்தது. பிள்ளைகள் வெளியே வந்தார்கள். அவள் மகள் ஸ்ம்ருதி சலங்கைப் பையைத் தலைக்கு மேல் பிடித்தபடி ஓடிவந்து மறுபக்கக் கதவைத் தட்டினாள்.

"அம்மா, இட்ஸ் லாக்ட்."

திரையில் யாரோ இருநூறையும் தள்ளியிருந்தான். ஸ்வர்ணா மகளைப் பார்க்காமலேயே, ஒரு நிமிடம் என்பதுபோல் ஒரு விரலை உயர்த்தினாள்.

செழியன் குனிந்து பார்த்தான். அவள் போனில் தெரிந்த அந்தச் சின்ன மேசையில், ஆட்டத்தைப் பாதியில் விட்டு வந்த அவனுடைய பெயர் சாம்பலாக மங்கியிருந்தது. கீழே, ஆள் இல்லை என்று எழுதியிருந்தது. எதிரே ஜெயபிரகாஷின் பெயரைச் சுற்றிப் பச்சை வளையம், இன்னும் பாதி மிச்சம், எரிந்துகொண்டிருந்தது.