வெங்காயம் வைக்காத பொட்டலம்

அழுதுவிட்டுப் போவதற்காகத்தான் இந்த மே மாதம் லீவு போட்டு ஊருக்கு வந்தேன். வேறு ஒரு வேலையும் எனக்கு இல்லை. போன ஆகஸ்டில் என் தம்பி பெனடிக்ட் மலைப்பாதை வளைவில் பைக்கோடு விழுந்து செத்துப்போனான். அன்றைக்கு எனக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை. கல்லறைத் தோட்டத்தில் மண் அள்ளிப் போட்டபோதும் வரவில்லை. "மிக்கேல் மகளுக்கு எம்புட்டு நெஞ்சழுத்தம் பாரு" என்று பின்னால் ஒருத்தி சொன்னது நன்றாகவே காதில் விழுந்தது. மற்ற நாளாக இருந்தால் அவளை உண்டு இல்லை என்று ஆக்கியிருப்பேன். அன்றைக்குத் திரும்பிப் பார்க்கக்கூடத் தோன்றவில்லை. திருப்பூருக்குப் போய், பனியனில் நூல் பிசிறு பார்க்கிற என் வேலையில் மறுபடி உட்கார்ந்துகொண்டேன். அன்று முதல் இப்படித்தான் இருக்கிறேன். பல் பிடுங்க ஊசி போட்டால் தாடை மரத்துக் கிடக்குமே, அந்த மாதிரி.

காமயகவுண்டன்பட்டியில் டவுன் பஸ்ஸை விட்டு இறங்கியதுமே தெரிந்துவிட்டது, வீட்டில் என்னை அழ விடப்போவதில்லை என்று. அப்பா ஒரு கூடை பன்னீர் திராட்சையோடு நின்றுகொண்டிருந்தார்.

"நம்ம தோட்டத்துதான் ஆத்தா. ஒனக்குன்னு ஒரு வரிசை மருந்தடிக்காம விட்டுவச்சேன்" என்றார்.

வீட்டுக்குப் போனால் நாட்டுக்கோழிக் குழம்பு. மறுநாள் பணியாரம். அதற்கடுத்து நுங்கு, மாம்பழம். "தின்னுடி ஆத்தா, துரும்பா வந்து நிக்கிற" என்று அம்மா தட்டு காலியாகக் காலியாக வைத்துக்கொண்டே இருந்தாள். தின்றேன். எல்லாம் நன்றாக இருக்கிறது என்று எனக்குத் தெரிந்தது. நாக்குக்குத்தான் தெரியவில்லை.

அந்த வீட்டில் எல்லாம் இருந்தது, ஒரு பெயரைத் தவிர. அவன் படத்தை மாட்ட அம்மா விடவில்லை. அவன் சாப்பிடுகிற தட்டைப் பரணில் ஏற்றிவிட்டாள். புதைத்துவிட்டு வந்த நாளிலிருந்து பெனடிக்ட் என்ற சொல்லை அவள் வாயால் சொன்னதில்லை என்று அப்பா போனில் சொல்லியிருந்தார். அவரும் 'அவன்' என்றுதான் சொன்னார்.

நானும் முயன்று பார்த்தேன். கல்லறைக்குப் போய் உட்கார்ந்தேன். எறும்பு கடித்தது, எழுந்து வந்துவிட்டேன். கார்த்திக்ராஜ் வந்து, "வாக்கா, சுருளிக்குப் போவோம்" என்று கூட்டிப்போனான். அவன் என் தம்பியின் கூட்டாளி. கம்பம் பஜாரில் கார்த்திக் வீட்டுக்கு இரும்புக்கடை. மூன்று பேருமாகத்தான் ஒவ்வொரு கோடையிலும் சுற்றுவோம். அருவியில் தலையைக் கொடுத்து நின்றேன். தண்ணீர் விழுந்தது, நனைந்தேன், அவ்வளவுதான். என்ன ஜென்மம் நான் என்று எனக்கே எரிச்சலாக வந்தது. ஒருவேளை அவன்மேல் எனக்குப் பாசமே இல்லையோ என்று பயமாகவும் இருந்தது.

திருப்பூருக்குத் திரும்புவதற்கு முந்தின நாள் சாயங்காலம் கார்த்திக் என்னைக் கம்பத்தில் வீரணன் அண்ணன் புரோட்டாக் கடைக்குக் கூட்டிப்போனான். அந்தக் கடையில் ஒரு வழக்கம் உண்டு. சேர்ந்து சாப்பிடுகிற கூட்டத்தில் ஒருவர் வரவில்லை என்றால், கேட்காமலே அவர் பங்கு பொட்டலமாகிவிடும். யார் எப்படித் தின்பார்கள் என்பது வீரணன் அண்ணனுக்கு மனப்பாடம். ஒன்றரை வருஷமாக மலைக்கு அந்தப் பக்கம் கட்டப்பனையில் மச்சான் கடையைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுப் போன வாரம்தான் அவர் திரும்பியிருந்தார். அது எங்களுக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் அந்தப் பக்கமே போயிருக்கமாட்டோம்.

"அடடே, ஜெசிந்தா பாப்பாவா! எப்ப வந்தீக? ஏலே கார்த்திக்கு, எங்கடா மூணாவது ஆளு?"

கார்த்திக் என்னைப் பார்த்தான். சொல்ல வேண்டியவள் நான்தானே? வாயைத் திறந்தேன். கல்லில் கொத்து விழுகிற சத்தம்தான் கேட்டது.

"வரலண்ணே" என்றான் கார்த்திக்.

"சரி, சரி" என்று அவர் கல் பக்கம் திரும்பிவிட்டார்.

தின்று முடித்துக் கை கழுவிவிட்டு வந்தால் மேஜைமேல் பொட்டலம்.

"தொரைக்கு வெங்காயம் வைக்கல. சால்னா ரெண்டாக் கட்டியிருக்கேன். ஆறுறதுக்குள்ள குடுத்துருங்க பாப்பா. ஒரு எட்டு வந்து மூஞ்சியக் காட்டிட்டுப் போகச் சொல்லுங்க."

"சொல்றேண்ணே" என்றேன். சொல்றேனாம்! இந்த வாயை என்ன செய்வது?

பாதி வழியில் கார்த்திக் பைக்கை நிறுத்திவிட்டான். அவன் தோள் குலுங்கியது. அவனுக்கு எவ்வளவு சுலபமாக வருகிறது என்று பொறாமையாக இருந்தது.

"அக்கா, இத அம்மா பாக்க வேணாம். அந்தா வாய்க்கால்ல போட்டுருவமா?"

"கூறுகெட்டவனே, சோத்தையா வாய்க்கால்ல போடுவாக? வண்டிய எடு."

கோபமாகச் சொல்லிவிட்டேனே ஒழிய, எனக்கும் அதே கேள்விதான். அம்மா இதைப் பார்த்தால் என்ன ஆவாள்? ஆனால் அவன் பங்கை அவன் வீட்டுக்குத்தானே கொண்டுபோக வேண்டும்? பொட்டலம் மடியில் சுட்டுக்கொண்டே வந்தது.

அம்மா எனக்குக் கொடுத்துவிட முறுக்கை டப்பாவில் அடுக்கிக்கொண்டிருந்தாள். "அதென்னடி கையில?" என்று வாங்கி, நான் வாயைத் திறப்பதற்குள் பிரித்துவிட்டாள். இரண்டு புரோட்டா, இரண்டு சால்னா. வெங்காயம் இல்லை. எங்கள் வீட்டில் வெங்காயம் இல்லாமல் புரோட்டா தின்பவன் ஒருவன்தான். அப்பா டிவியை அணைத்தார்.

"வீரணண்ணனுக்கு விசயம் தெரியாதும்மா..." என்றேன்.

அம்மா இலையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சண்டைக்கு வருகிற குரலில் ஆரம்பித்தாள்.

"எத்தன தடவ சொன்னேன். கடைப் புரோட்டா சூடு, வெங்காயத்தக் கடிச்சுக்கிட்டாவது தின்னுடான்னு. கேட்டானா? என்னைக்காச்சும் ஒரு சொல்லு கேட்டானா இந்தப் பெனடிக்ட்டு?"

அந்தப் பெயர் வந்துவிட்டது. அவளே அதைக் கேட்டுத் திடுக்கிட்டது போல நின்றாள். அப்பா ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறி, பரணிலிருந்து அவன் தட்டை எடுத்தார். துண்டால் தூசியைத் துடைத்து அம்மா முன்னால் வைத்தார். அம்மா புரோட்டாவைப் பிய்த்துப் போட்டு, இரண்டு சால்னாவையும் அவன் ஊற்றுகிற மாதிரியே மொத்தமாக ஊற்றினாள். நாங்கள் மூன்று பேரும் தரையில் தட்டைச் சுற்றி உட்கார்ந்தோம்.

ஒரு துண்டை வாயில் வைத்தேன். சுரீர் என்றது. நாக்கில், தொண்டையில், மூக்கில், நெஞ்சுக்குள் எல்லா இடத்திலும் எரிந்தது. ஊசியின் மரப்பு விட்டுவிட்டது. கண்ணிலிருந்து கொட்ட ஆரம்பித்தது நிற்கவே இல்லை.

அம்மா தண்ணீர்ச் செம்பை என் பக்கம் நகர்த்தினாள்.

"காரமாடி?"

"இல்லம்மா. பெனடிக்ட்டு" என்றேன்.

அம்மா செம்பைத் திரும்ப எடுத்துக்கொண்டாள். அவன் தட்டிலிருந்து இன்னொரு துண்டை எடுத்து என் வாயில் வைத்தாள்.