பப்பாசி அல்லாத ஒரு காம்பு

ஞாயிற்றுக்கிழமை ஆற்றங்கரையில் ஞானாம்பிகை அந்தச் செடியை ஒடித்தபோது தண்டு உள்ளே வெறும் கூடாக இருந்தது. மஞ்சள் பூக்கள் குடை விரித்த, இடுப்புக்கு மேல் வளர்ந்த செடி. ஊரில் சின்ன வயதில் ஊதி விளையாடிய பப்பாசி இலைக்காம்பேதான் என்று கை சொல்லிவிட்டது. கணுவோடு நறுக்கி, பழம் வெட்டக் கொண்டுவந்த கத்தியால் கீறி, உதட்டில் வைத்து ஊதினாள். எருமைக்கன்று கத்துவதுபோல் ஒரு சத்தம் வந்தது.

பாயின் மறு நுனியில் இருந்த நகுலேஸ்வரன் திரும்பிப் பார்த்தான். புருஷன்தான். கலியாணமாகி ஒரு மாதத்தில் கனடாவுக்குப் புறப்பட்டவன். ஊரில் சண்டை ஓய்ந்து பாதை திறந்த பிறகுதான் அவளைக் கூப்பிட முடிந்தது. அந்த ஒரு மாதமும் 'நீர்' என்று உரிமையோடு வாய் நிறையக் கூப்பிட்டவன், இப்போது 'நீங்கள்' என்கிறான். "சாப்பிட்டீங்களோ" என்று கேட்டுவிட்டு, செயின்ட்-மிஷேலில் பஸ் பிடித்து, புவாண்ட்-கிளேரில் சாமான் அடுக்கும் கிட்டங்கிக்குப் பின்னேர வேலைக்குப் போய்விடுவான். கோயில் தர்மகர்த்தாவோடு குடித்தனம் நடத்துவதுபோல் இருந்தது அவளுக்கு. இப்படியே காலம் போய்விடுமோ என்று பயந்தாள்.

அன்று அவன் கையை நீட்டினான். அவனுக்கும் ஒன்று வெட்டிக் கொடுத்தாள். வெயில் சாயும்வரை மாறி மாறி ஊதினார்கள். கதைக்கத்தான் ஒன்றும் அகப்படவில்லை.

செவ்வாய்க்கிழமை இருவர் உதடும் கொப்புளித்துவிட்டன. கிளினிக்கில் தாதி அந்தச் செடியின் படத்தைக் காட்டினாள். அதன் சாறு பட்ட இடத்தில் வெயிலும் பட்டால் தோல் வெந்துவிடுமாம். களிம்பு கொடுத்து அனுப்பினாள். இதையெல்லாம் கீழ்வீட்டு அக்னெஸ் அக்காவுக்கு யார் விளங்கப்படுத்துவது? இரண்டு வாயையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "பாவம், கனகாலம் பிரிஞ்சிருந்த பிள்ளையள்" என்றாள் அவள். ஞானாம்பிகைக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. செய்யாத குற்றத்துக்குக் கிடைத்த பெயர். செய்திருந்தாலாவது பரவாயில்லை.

மறுநாள் அவன் வேலைக்கு வெளிக்கிடும்போது, கிட்டங்கியிலும் பகிடி பண்ணினார்களா என்று கேட்டாள். ஓம் என்றான்.

"நீங்கள் என்ன சொன்னனீங்கள்?"

குனிந்து சப்பாத்துக் கயிற்றை முடிந்தான்.

"ஒண்டும் சொல்லேல்லை."

"செடியெண்டு சொல்லியிருக்கலாமே."

"சொல்ல மனம் வரேல்லை."

முடிந்த கயிற்றை அவிழ்த்தான். சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே வந்து, மேசையில் கிடந்த களிம்பை எடுத்தான்.

"இஞ்சை வாரும். வாயைக் காட்டும்."

வாரும், காட்டும். அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. விரல் பட்ட இடம் சுரீரென்று எரிந்தது. அவள் முகத்தை எடுக்கவில்லை. வெளியே அவனுடைய பஸ் வந்து நின்று, கதவைத் திறந்து, மூடிக்கொண்டு போனது.