ஆறு மணிப் பாடம்

மூக்கம்மாளின் தம்பி பிச்சைமணி பட்டாளத்திலிருந்து லீவில் வந்தபோது ஒரு டிரான்சிஸ்டர் ரேடியோவைக் கொண்டுவந்து அக்காள் மகள் அழகுத்தாயின் கையில் கொடுத்தான்.

"பாட்டுக் கேக்க இல்ல தாயி. சாயந்தரம் ஆறு மணிக்கு இங்கிலீஷ் பாடம் வருது. கேட்டுப் படி" என்றான்.

அது 1974. வண்டிப்பெரியாருக்கு மேலே இருந்த அந்தத் தேயிலைத் தோட்டத்து லயங்களில் ரேடியோ உள்ள வீடுகள் மிகக் குறைவு.

எட்டாம் வகுப்பில் இருந்த அழகுத்தாய், இங்கிலீஷ் வகுப்பில் வாயே திறக்க மாட்டாள். ரேடியோவில் வந்த பெண்குரலோ ஒரு வாக்கியத்தைச் சொல்லிவிட்டு, திருப்பிச் சொல்ல நேரம் கொடுத்தது. தப்பாகச் சொன்னாலும் சிரிக்கவில்லை. முதலில் உதட்டை மட்டும் அசைத்தவள், மழைக்காலம் முடிவதற்குள் சத்தமாகவே சொல்ல ஆரம்பித்துவிட்டாள். கொழுந்து எடுத்துவிட்டு வரும் மூக்கம்மாள் வாசற்படியிலேயே உட்கார்ந்து கேட்பாள். ஒரு வார்த்தையும் புரியாது. ஆனாலும் மகள் முடிக்கும்வரை எழுந்திருக்க மாட்டாள்.

மூக்கம்மாளின் புருஷன் அழகுமலை தேயிலை பேக்டரியில் மெஷினில் வேலை பார்த்தான். அவனைப் பொறுத்தவரை ரேடியோ என்பது ஆம்பளைகள் சுற்றி உட்கார்ந்து பாட்டும் நாடகமும் கேட்கிற சங்கதி. பொம்பளைப் பிள்ளை ஒரு பெட்டியோடு பேசிக்கொண்டிருப்பது அவனுக்குப் பிடிக்கவில்லை. பக்கத்து வீட்டு லாரி டிரைவர் சுவக்கீன், தன் வீட்டு ரேடியோ முன்னால் பிள்ளைகளுக்கு நடுவில் உட்கார்ந்து அதே பாடத்தைத் தானும் சொல்லிப் பார்ப்பதை அவன் நக்கலடிப்பான்.

ஒரு சாயங்காலம் கூட்டாளிகளோடு வந்தவன், "பாட்டு வையி" என்றான்.

"பாடம் முடியட்டும்ப்பா. கொஞ்ச நேரந்தான்."

யூனியனில் கன்வீனர் பதவிக்கு அவன் நிற்கப்போகிற நேரம் அது. கூட்டாளி ஒருவன் சிரித்தான். "வீட்டுக்குள்ள யாரு கன்வீனருன்னு தெரிஞ்சுபோச்சு."

அழகுமலை ரேடியோவைப் பிடுங்கி, எரிந்துகொண்டிருந்த அடுப்புக்குள் போட்டான். உள்ளே விழுந்த பிறகும் அந்தக் குரல் ஒரு வாக்கியத்தைச் சொன்னது. அழகுத்தாய் நின்ற இடத்திலேயே அதைத் திருப்பிச் சொன்னாள். அதன்பிறகு கருகிய நாற்றம் மட்டும்தான் வந்தது.

மறுநாள் ஆறு மணிக்கு மூக்கம்மாள் மகளைச் சுவக்கீன் வீட்டுக்கு அனுப்பினாள். அதற்கும் அழகுமலை விடவில்லை. "இனிமே அந்த வாசல மிதிச்சா காலை ஒடிச்சிருவேன்" என்றான். அன்றைக்குத்தான் மூக்கம்மாள் முடிவெடுத்தாள். பிறகு அவனுக்குச் சோறு போட்டாள், வெந்நீர் வைத்தாள், யூனியன் கூட்டத்துக்குப் போட்டுப்போகச் சட்டையும் துவைத்துக் கொடுத்தாள்.

பேக்டரிக்கு முன்னால் மைக் செட் கட்டி, கன்வீனரைக் கை தூக்கித் தேர்ந்தெடுக்கும் கூட்டம் நடந்தது. "தொழிலாளி பிள்ளைக அம்புட்டும் படிக்கணும். பொம்பளப் பிள்ளைக மொதல்ல படிக்கணும். அதுக்கு நான் பொறுப்பு" என்று அழகுமலை பேசி முடித்தான். பலமாகக் கை தட்டினார்கள்.

பெண்கள் பக்கமிருந்து மூக்கம்மாள் எழுந்துபோய் மைக்கைக் கையில் வாங்கினாள். பெண்டாட்டி தனக்காகப் பேசப்போகிறாள் என்று நினைத்து அவன் சிரித்தபடி விலகி நின்றான்.

"எம் புருஷன் நல்லாப் பேசுனாரு. எம் மக அழகுத்தாய் ரேடியோல பாடம் படிச்சா. அத அடுப்புல போட்டது இவரு. அடுத்த வீட்டுல போயிப் படிச்சா, காலை ஒடிப்பேன்னதும் இவரு. ஒங்க புள்ளைகளுக்கும் இவருதான் பொறுப்பாம். கையத் தூக்குறவுக தூக்குங்க."

கொழுந்துக்காரப் பெண்கள் ஒருத்தியும் கை தூக்கவில்லை. ஆண்களும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். அழகுமலை தோற்றான்.

வீட்டுக்கு வந்து, "ஊரு முன்னாடி என்னயக் கொன்னுட்ட" என்றான்.

"நீ வீட்டுக்குள்ள வச்சு அவளக் கொன்ன. நான் வெளிய வச்சுச் செஞ்சேன். அவளப் பள்ளிக்கூடத்த விட்டு நிறுத்திப் பாரு. மறுபடி மைக்கு கட்டாமலா போவாக?"

அதற்குப் பிறகு மகள் சுவக்கீன் வீட்டுக்குப் போவதை அவன் தடுக்கவில்லை. ஆனால் மூக்கம்மாளுக்கு அது போதவில்லை. தினமும் ஆறு மணிக்கு, அவன் உட்கார்ந்திருக்கும்போது, "தாயி, பாடத்துக்கு நேரமாச்சு" என்று லயத்துக்கே கேட்கும்படி சொல்வாள். அவன் முகம் சுருங்குவதைப் பார்த்துவிட்டுத்தான் அடுப்பு வேலைக்குத் திரும்புவாள்.

ஒருநாள் அழகுத்தாய் அம்மாவைத் தண்ணீர்க் குழாயடியில் பிடித்து நிறுத்தினாள். "அந்தப் பாடம் எனக்குப் பிடிக்கும்மா. அப்பாவப் பழிவாங்க நான் படிக்கல. கூட்டத்துல எம் பேரச் சொன்னப்ப மண்ணுக்குள்ள போயிரலாம்போல இருந்துச்சு."

மூக்கம்மாள் நிறைந்த குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்தாள். "நீ எதுக்கு வேணாப் படி. நான் எதுக்குப் படிக்க வைக்கிறேன்னு மட்டும் கேக்காத" என்றாள்.

1977இல் அழகுத்தாய் எஸ்.எஸ்.எல்.சி. பாஸானாள். ரிசல்ட் தெரிந்ததும் அவள் முதலில் ஓடியது சுவக்கீன் வீட்டுக்குத்தான். அவர் மனைவி சிசிலி அவளைக் கட்டிக்கொண்டு அழுதது இந்த வீடுவரை கேட்டது.

பேக்டரிக்குக் கிளம்பிக்கொண்டிருந்த அழகுமலை அந்தச் சத்தத்தைக் கேட்டபடி கொஞ்சநேரம் நின்றான். "அவ என்கிட்ட வந்து சொல்லல" என்றான். பிறகு பெண்டாட்டியைப் பார்த்து, "இப்பயாச்சும் ஒனக்கு ஆறிடுச்சா?" என்று கேட்டான்.

ஆறியிருக்கும் என்றுதான் மூக்கம்மாளும் நினைத்திருந்தாள். மனசுக்குள் தேடிப் பார்த்தாள்.

"இல்ல" என்றாள்.