ஊதாத் துளி

எல்லாக் கோழிகளுக்கும் நோய் என்று சோதனைக்கான வெள்ளைப் பீங்கான் ஓடு சொன்னது. சாபிராவுக்கு அது பொருந்தவில்லை.

அவள் நரின் நகர ஆய்வகத்தின் கால்நடை மருத்துவர்; முந்தின நாள் மாலை இந்த மலைக் கிராமத்துக்கு வந்து, இந்தக் கோழிகளை வளர்க்கும் புருல் வீட்டில் தங்கியிருந்தாள். சோதனை எளிது. ஓட்டின் மேல் ஊதா மருந்து ஒரு துளி, கோழியின் ரத்தம் ஒரு துளி. மருந்தில் மிதப்பவை கொன்று சாயமேற்றிய கிருமிகள். குஞ்சுகளைக் கொல்லும் பாக்டீரியா நோயான வெள்ளைக் கழிச்சல் தொற்றிய கோழியின் ரத்தம் அவற்றைக் கோத்துப் பிடிக்கும். துளி மணல்மணலாகத் திரளும். இரண்டு நிமிடத்தில் விடை.

கிழட்டுச் சேவல் வரை எல்லாமே திரண்டன. இவ்வளவு தொற்று இருந்தால் குஞ்சுகள் செத்திருக்குமே? ஒன்றுகூடச் சாகவில்லை.

பாலர் பள்ளியில் சமைக்கும் புருல், பழுப்புக் கோழியொன்றை மேலங்கிக்குள் அணைத்திருந்தாள்.

“எல்லாத்தையும் அறுக்கணுமா தங்கச்சி?”

“நோய்னா அறுத்துதான் ஆகணும் அக்கா.”

“அறுக்கும்போது இவளை மட்டும் நீயே பிடிச்சுக்க. எங்கிட்ட ஒரு வாரமா கோவிச்சுக்கிட்டு இருக்கா. இப்படிப் போய்ச் சேர்ந்தா மனசு ஆறாது.”

சாபிரா கோழியின் தலையைத் தடவினாள். “பொறுங்க. இன்னொண்ணு பார்த்துடறேன்.”

இம்முறை ரத்தமே சேர்க்கவில்லை. மருந்தோடு வெறும் உப்புநீர்த் துளி. அதுவும் திரண்டது.

“அக்கா, ராத்திரி இந்தப் புட்டியை எங்க வச்சீங்க?”

“குளிர்ல வைன்னு சொன்னியே. வெளி நடையில, உறைஞ்சு கிடக்கிற குதிரைக்கறி பக்கத்துல.”

“ஃபிரிட்ஜ்ல வைக்கலையா?”

“குளிர்காலத்துல அதை யாரும்மா போடுவா? உள்ள ரொட்டிதான் இருக்கு.”

சாபிரா சிரித்துவிட்டாள். “என் தப்புதான் அக்கா. உறையாம வைங்கன்னு சொல்லியிருக்கணும்.”

மறுநாள் நரினிலிருந்து வந்த வேன் ஓட்டுநர் புதுப் புட்டியைச் சட்டைக்குள் வைத்துக் கொண்டுவந்தார். உப்புநீரோடு அது திரளவில்லை. நோயுள்ள கோழியின் ரத்தத்திலிருந்து ஆய்வகம் பிரித்து வைத்திருந்த சீரத்தோடு உடனே திரண்டது. மருந்து சரி. பிறகு ஒவ்வொரு கோழியாகப் பார்த்தாள். ஒரு துளியும் திரளவில்லை.

“ஒண்ணும் இல்ல அக்கா. விடுங்க அவளை.”

புருல் விடவில்லை, இன்னும் இறுக்கிக்கொண்டாள். கோழி அவள் விரலைக் கொத்தியது.

உறைந்த மருந்து ரத்தமே இல்லாமல் தானாகத் திரளும். அதனால் புட்டியைக் குளிரில் வைக்கலாம், உறையவிடக் கூடாது. கோழியைத் தொடுமுன் உப்புநீரோடு ஒரு துளி பார்க்க வேண்டும். அது திரண்டால் கெட்டது மருந்து, கோழி அல்ல.