வரம் கேட்ட வேதமாணிக்கம்

நாசரேத்துக்காரரான வேதமாணிக்கம் டெல்லிக்கு வந்து இருபத்திரண்டு வருஷம் ஆகியிருந்தது. அத்தனை வருஷமும் மத்திய சர்க்கார் அலுவலகம் ஒன்றில் ஸ்டெனோ வேலை. அடுத்தவர் சொல்லச் சொல்லக் குனிந்த தலை நிமிராமல் எழுதுவார். நேதாஜி நகரில் குவார்ட்டர்ஸ், மனைவி ரூபவதி, ஞாயிற்றுக்கிழமை தமிழ்ச் சபை என்று வாழ்க்கை ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது. எண்பத்தொன்றாம் வருஷம் அக்டோபரில்தான் அந்த ஆசை வந்து பிடித்துக்கொண்டது.

சபையார் மூன்று நாள் ஜெபக் கூட்டம் நடத்தினார்கள். மதராஸிலிருந்து ஒரு பிரசங்கியார் வந்திருந்தார். அவர் கை வைத்து ஜெபித்தால் நோய் தீருகிறது என்று பேச்சு. ஷாமியானாப் பந்தல் கொள்ளாத கூட்டம். பிரசங்கியாரின் பெட்டியைத் தூக்கும் பொறுப்பு வேதமாணிக்கத்துக்கு. மேடையோரம் பெட்டியோடு நின்றவர், வரிசையில் யாரைப் பார்த்தார் என்றால், சாட்சாத் தன் அதிகாரி ராஜாராமனை! ஆபீசில் யாருக்கும் எழுந்து நிற்காத அண்டர் செக்ரட்டரி, ஒற்றைத் தலைவலிக்காகக் கைகட்டி, தலை குனிந்து, பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி நின்றார். பிரசங்கியார் தலையில் கை வைத்ததும் அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

‘இந்த வரம் மட்டும் எனக்குக் கிடைத்தால்?’ என்று நினைத்தார் வேதமாணிக்கம். நினைக்கவே உடம்பு சிலிர்த்தது. பெட்டியை வேறு யாராவது தூக்குவார்கள். ராஜாராமன் தன் முன்னால் நிற்பார்.

வெள்ளிக்கிழமைதோறும் உபவாசம் ஆரம்பித்தார். அந்தப் பிரசங்கியாரின் குரலையும் பழகிப் பார்த்தார், குளியலறையில், கதவைத் தாழிட்டுக்கொண்டு.

“ஏங்க, உள்ள யாரைப் போட்டு இந்த ஏச்சு ஏசுதீய?” என்று கதவைத் தட்டினாள் ரூபவதி.

“ஏசல, ஜெபம் பண்ணுதேன்.”

“ஆண்டவருக்குக் காது நல்லாத்தான் கேக்கும். சீக்கிரம் வாங்க, தண்ணி நின்னுரும்.”

ஒரு மாதம் போயிற்று. ரூபவதிக்கு வந்த ஜலதோஷம்கூட அவர் கைக்குக் கட்டுப்படவில்லை. அப்போதுதான் பவுனுவைப் பற்றிக் கேள்விப்பட்டார்.

பவுனு சின்னசேலத்துக்காரி. குவார்ட்டர்ஸுக்குப் பின்னால் வேப்பமரத்தடியில் கரிப் பெட்டியை வைத்துத் துணி தேய்ப்பவள். ஞாயிற்றுக்கிழமை சபைக் கோயிலில் கடைசி வரிசையில் உட்காருவாள். எழுதப் படிக்கத் தெரியாது. அவள் ஜெபித்துத்தான் எதிர் வீட்டு சர்தார்ஜியின் பேரனுக்கு ஜுரம் விட்டது என்று தெருவே சொன்னது. வேதமாணிக்கத்துக்குப் பொறுக்கவில்லை. படித்த மனுஷன் பட்டினி கிடக்கிறேன், வரம் இவளிடம் போயிருக்கிறதே!

ஒருநாள் சட்டை தேய்க்கக் கொடுக்கிற சாக்கில் போய் நின்றார்.

“பவுனு, ஒன் வீட்டுக்காரனுக்கு எங்க ஆபீஸ்ல பியூன் வேலைக்குச் சொல்லி வைக்கேன். நான் சொன்னா நடக்கும்.”

“அய்யோ, நல்லா இருப்பீங்க சாரு.”

“அதுக்குப் பதிலா நீ ஒண்ணு செய்யணும். எப்படி ஜெபிச்சா நோய் போவுதுன்னு எனக்குச் சொல்லிக் குடு. அந்த வரத்தை என் தலையில கை வச்சு எனக்கும் வாங்கிக் குடு.”

பவுனு பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு அவரைப் பார்த்தாள். பிறகு சிரித்தாள்.

“பியூன் வேலை நல்ல வேலைதாங்க சாரு. ஆனா இது என்னா ரேஷன் கார்டா, உங்க பேருக்கு மாத்திக் குடுக்கிறதுக்கு? என் கையில ஒண்ணுமில்லீங்க. பாருங்க, கரிதான் இருக்குது.” இரண்டு உள்ளங்கையையும் விரித்துக் காட்டினாள். “சனிக்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போவேன். வேணும்னா நீங்களும் வந்து பாருங்க.”

மறைக்கிறாள் என்றுதான் வேதமாணிக்கம் நினைத்தார். பக்கத்திலிருந்து காதைத் தீட்டிக் கேட்டால் தெரிந்துவிடப் போகிறது. சனிக்கிழமை வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு அவளோடு பஸ் ஏறினார். அவள் மடியில் கஞ்சித் தூக்கு. அவர் கையில் வேதப் புத்தகம்.

எலும்பு முறிவு வார்டில் கலியன் என்றொரு ஆள் படுத்திருந்தான். சேலத்துப் பக்கத்திலிருந்து கட்டட வேலைக்கு வந்தவன். சாரத்திலிருந்து விழுந்து தொடை எலும்பு போய்விட்டது. ஆபரேஷன் என்றார்கள், காகிதத்தில் கைநாட்டு வைக்க மாட்டேன் என்று ஐந்து நாளாக அழிச்சாட்டியம். சரியாகச் சாப்பிடவும் இல்லை.

பவுனு பேச்சே இல்லாமல் முகத்தைத் துடைத்துவிட்டாள், விரிப்பை இழுத்துச் சரி செய்தாள், கஞ்சியை ஆற்றினாள். இவள் எப்போது ஜெபிப்பது என்று வேதமாணிக்கத்துக்கு இருப்புக் கொள்ளவில்லை. முன்னால் போனார். கலியன் தலையில் கையை அழுத்தி, கண்களை இறுக மூடி, குளியலறையில் பழகிய குரலை முழுசாக எடுத்துவிட்டார்.

வார்டே திரும்பிப் பார்த்தது. யாரோ கட்டிலிலிருந்து விழுந்துவிட்டார்கள் என்று நர்ஸ் ஓடிவந்தாள். “யே க்யா தமாஷா ஹை? பந்த் கரோ!” என்று கூத்தை நிறுத்தச் சொல்லி அதட்டினாள்.

அதைவிடப் பெரிய சத்தம் கலியனிடமிருந்து வந்தது. “அய்யோ, பாதிரி வந்துட்டாரு! நான் சாகப் போறேனா? யக்கா, நான் சாகப் போறேனா?”

வேதமாணிக்கத்தின் கை தானாக எழும்பிவிட்டது. காதெல்லாம் சுட்டது. பவுனு கலியனின் தோளைத் தட்டிக் கொடுத்தபடியே, “அவரு பாதிரி இல்ல கண்ணு, சர்க்கார் ஆபீசரு. உனக்காகத்தான் வந்திருக்காரு” என்றாள். பிறகு இவர் பக்கம் திரும்பி, கெஞ்சுகிற குரலில், “சாரு, உங்களுக்கு நல்ல இந்தி வரும் இல்ல? காலை என்னா பண்ணப் போறாங்கன்னு டாக்டரைக் கேளுங்களேன். என் இந்தி துணிக் கணக்குக்குத்தாங்க ஆவும்” என்றாள்.

தப்பித்தால் போதும் என்று வேதமாணிக்கம் டாக்டரைத் தேடிப் போனார். இளம் டாக்டர், களைத்த முகம். கேட்டதும் காகிதத்தில் படமே போட்டுக் காட்டினார். பழைய பழக்கத்தில் ஒரு வார்த்தை விடாமல் சுருக்கெழுத்தில் எழுதிக்கொண்டு வந்தார் வேதமாணிக்கம். கட்டிலோரம் உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் தமிழில் சொன்னார். காலை வெட்டப் போவதில்லை. உள்ளே ஒரு கம்பி வைத்து எலும்பைச் சேர்க்கப் போகிறார்கள். மூன்று மாதத்தில் நடக்கலாம்.

கலியன் அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டான். “சத்தியமா வெட்ட மாட்டாங்களா?”

“வெட்ட மாட்டாவ.”

“வெட்டத்தான் போறாங்கன்னு நெனச்சேன் சார். அஞ்சு நாளா அந்த நெனப்புதான்.” அவன் குலுங்கி அழுதான். பிடியை விடவில்லை.

கைநாட்டு வைத்தான். கஞ்சி முழுவதையும் குடித்தான். அதற்குப் பிறகுதான் பவுனு அவன் கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டாள். “ஏசப்பா, இந்தப் புள்ள பயந்து கெடக்குது. நீங்க கூடவே இருங்க.” அவ்வளவுதான். வேதமாணிக்கம் மெதுவாக ஆமென் சொன்னார். இத்தனை நாள் ஜெபத்தில் ‘எனக்கு, எனக்கு’ என்று எத்தனை தடவை சொல்லியிருப்போம் என்று நினைத்துப் பார்த்தார். வெட்கமாக இருந்தது. கூடவே, என்னவோ ஒரு பாரத்தை இறக்கி வைத்த மாதிரியும் இருந்தது.

ஆபரேஷன் அன்று லீவு போட்டுவிட்டு ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருந்தார். நல்லபடி முடிந்தது. ஆனால் வார்டில் கதை வேறு மாதிரி பரவியது: வெள்ளைச் சட்டை சார் தலையில் கை வைத்தார், கால் சேர்ந்துவிட்டது! அது எப்படியோ ஆபீஸ் வரைக்கும் வந்தது.

ராஜாராமன் அறைக்குக் கூப்பிட்டு, நாற்காலியைக் காட்டினார். “உக்காருங்கோ வேதமாணிக்கம். உங்க பிரார்த்தனைக்கு ஏதோ பவர் இருக்காமே? என் ஜெனீவா போஸ்டிங் ஃபைல் மேலே போயிருக்கு. எனக்காக ஸ்பெஷலா ஒண்ணு பண்ணப்படாதோ? உங்க புரமோஷனை நான் பார்த்துக்கறேன்.”

கண்ட கனவு அப்படியே எதிரில் வந்து நின்றது. வேதமாணிக்கத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அடக்க முடியவில்லை.

“தப்பா நெனச்சுக்காதீங்க சார். நானும் ஒருத்திகிட்ட இப்படித்தான் போய் நின்னேன். கால் சேர்ந்தது டாக்டராலயும் ஆண்டவராலயும். நான் இந்தியைத் தமிழாக்குனேன், அவ்வளவுதான். உங்களுக்காக ஜெபிக்கேன் சார், நிச்சயமா ஜெபிக்கேன். ஆனா ஜெனீவா கிடைக்கும்னு சொல்ல மாட்டேன். புரமோஷனும் வேண்டாம்.”

ராஜாராமன் பேப்பர் வெயிட்டை உருட்டினார். கோபமா, யோசனையா என்று தெரியவில்லை. “அச்சா, ஜெபமாவது பண்ணுங்கோ” என்று முடித்தார்.

பிப்ரவரி கடைசியில் கலியன் ஊருக்குக் கிளம்பினான். கக்கத்துக் கட்டைகளை ஊன்றி நடக்க ஆரம்பித்திருந்தான். ஜி.டி. எக்ஸ்பிரஸில் ஏற்றிவிட வேதமாணிக்கமும் பவுனுவும் புதுடெல்லி ஸ்டேஷனுக்குப் போனார்கள். அவனை உட்காரவைத்து, தலையணையைக் காலுக்கு அண்டை கொடுத்ததும், “சார், ஒரு வார்த்தை ஜெபிச்சிட்டுப் போங்க” என்றான் கலியன். “மெதுவா ஜெபிங்க, என்ன?”

வேதமாணிக்கம் கண்ணை மூடினார். பக்கத்து இருக்கைக்காரருக்குக்கூடக் கேட்காத குரலில் ஆரம்பித்தார். பாதியில் ரயில் குலுங்கி நகர்ந்தது.

“சாரு, ஆமென் சொல்லுங்க! வண்டி போவுது!” என்று பிளாட்பாரத்திலிருந்து கத்தினாள் பவுனு.

“ஆமென்!” என்று ஓடிவந்து குதித்தார். குதித்தது அவரும் ஒரு செருப்பும். மற்ற செருப்பு ரயிலோடு போய்க்கொண்டிருந்தது. சற்று தூரத்தில், யாரோ எடுத்துக் கொடுக்க, ஜன்னல் வழியாக அதைக் கலியன் வீசினான். அது ஒரு போர்ட்டரின் தலைச்சுமை மேல் போய் உட்கார்ந்துகொண்டது. விஷயம் தெரியாமல் போர்ட்டர் விறுவிறுவென்று நடக்க, “பையா! ஓ பையா! மேரி சப்பல்!” என்று ஒற்றைக் காலில் தத்தித் தத்தி அவன் பின்னால் ஓடினார் வேதமாணிக்கம். பவுனு தூணைப் பிடித்துக்கொண்டு, வயிறு வலிக்கச் சிரித்துக்கொண்டிருந்தாள்.