பின்னறையும் பௌர்ணமி வரிசையும்

கதவைச் சாத்திக்கொண்டு உட்கார ஓர் அறை இருந்தால் சிந்துஜா வீட்டிலிருந்தே வேலை பார்க்கலாம். இல்லாவிட்டால் ஹைதராபாத்துக்குக் குடிபோக வேண்டும். சனிக்கிழமைக்குள் அறையைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லியிருந்தது அலுவலகம்.

அறை இருந்தது. செங்கம் சாலையில், கிரிவலப் பாதையைப் பார்த்த வீட்டின் பின்பக்கத்தில். ஆனால் அதில் அப்பா அர்ஜுனனின் பொருள்கள் ஏற்கெனவே குடியிருந்தன. கல்யாண வீடுகளில் கொடுத்த தாம்பூலப் பைகள் இரண்டு மூட்டை, பிரியாணி வந்த பிளாஸ்டிக் டப்பாக்கள், டிவி வந்த அட்டைப்பெட்டி, கம்பி வளைந்த குடைகள், மூடி தொலைந்த ஃபிளாஸ்க். எதைத் தூக்கினாலும் அப்பா ஒரே சொல்தான் சொல்வார்: "ஆவும்." என்றைக்காவது உதவுமாம்.

ஒரு நாளைக்குப் பத்துப் பொருள் என்று காலண்டரில் எழுதிவைத்துத் தொடங்கினாள். முதல் நாள் பன்னிரண்டு. இரண்டாம் நாள் பத்து. மூன்றாம் நாள் அவளுடைய பழைய உயிரியல் நோட்டு கிடைத்தது. தான் வரைந்த தவளையின் குடலைப் பார்த்தபடியே மாலைவரை உட்கார்ந்துவிட்டாள். நான்காம் நாள் காலண்டர் பக்கமே போகவில்லை. அன்றைக்குத்தான் குப்பை வண்டி வந்தது. அப்பா ஓடிப்போய்ப் பதினேழு டப்பாக்களை மீட்டு வந்தார்.

"நீ எடுத்துப் போடற, அவரு எடுத்தாந்து வெக்கிறாரு. அந்த ரூமு என்னிக்குடி காலியாவறது?" என்றாள் அம்மா தனம்.

"மூடே போயிடுச்சும்மா."

"ஐதராபாத்ல மூடு நல்லா வரும். கெளம்பு."

வெள்ளிக்கிழமை பௌர்ணமி. அப்பா மதியம் இரண்டு மணிக்கே வெறுங்காலோடு மலை சுற்றக் கிளம்பினார். அம்மா சொன்னது மகளுக்கு உறைத்திருக்க வேண்டும். கழுவிப் பழைய சாமான் கடையில் போட்டுவிடலாம் என்று சிந்துஜா டப்பாக்களை வாசல் குழாயடிக்கு அள்ளி வந்தாள். கழுவியதைக் காயவைக்கக் கேட்டுக்கு வெளியே ஒரு மேசையைப் போட்டாள்.

ஐந்தாவது டப்பாவைக் கவிழ்க்கும்போது அவள் முன்னால் இரண்டு கைகள் நீண்டன.

"குடும்மா." நெற்றி நிறைய விபூதியோடு ஒரு பெண்மணி.

"இல்லீங்க, இது வந்து..."

அதற்குள் அவருக்குப் பின்னால் எட்டுப் பேர் நின்றார்கள். பௌர்ணமியன்று கேட்டுக்கு வெளியே மேசை கிடந்தால் அங்கே ஏதோ கொடுக்கிறார்கள் என்று அர்த்தம். சிந்துஜா டப்பாவைக் கொடுத்தாள். பெண்மணி அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு நகர்ந்தார்.

சிந்துஜா அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். அம்மா பின்னறைக்கு ஓடிக்கொண்டிருந்தாள்.

தாம்பூலப் பைக்குத் தள்ளுமுள்ளு. அட்டைப்பெட்டியை ஒரு குடும்பம் நான்காகக் கிழித்து, வழியில் உட்கார ஆளுக்கொன்று எடுத்துப் போனது. தவளை நோட்டை ஒரு வாத்தியார் பயபக்தியோடு வாங்கிக்கொண்டார். ஐந்தரை மணிக்கு வரிசை பக்கத்து லாட்ஜைத் தாண்டி வளைந்திருந்தது.

மலை சுற்றி முடித்த அப்பா அந்த வளைவில்தான் வந்து சேர்ந்தார். வரிசையைக் கண்டால் முதலில் நின்றுவிடுவார். என்ன தருகிறார்கள் என்பதைப் பிறகு விசாரிப்பார். அரை மணி நேரம் நின்று, முண்டி, "வரிசைல வாங்கப்பா!" என்று மற்றவர்களை அதட்டி, கடைசியில் தலைகுனிந்து இரண்டு கைகளையும் நீட்டினார்.

மேசையில் மிச்சமிருந்தது ஒன்றுதான். சிந்துஜா அந்த ஃபிளாஸ்க்கை அவர் கையில் வைத்தாள்.

அப்பா ஃபிளாஸ்க்கைப் பார்த்தார். மகளைப் பார்த்தார். கேட்டைப் பார்த்தார்.

"ஏய், இது நம்மளுதாச்சே!"

"இங்க எல்லாமே அண்ணாமலையாருதுதாங்க" என்றார் பின்னால் நின்றவர். "வேணாம்னா இப்டி தள்ளுங்க. எனக்கு ஆவும்."

அப்பா ஃபிளாஸ்க்கை மார்போடு அணைத்துக்கொண்டு உள்ளே விரைந்தார். கால் பழக்கத்தில் பின்னறைக்குப் போயிற்று. நிலைப்படியிலேயே நின்றுவிட்டார். அறையில் ஒரு ஜன்னல் இருந்தது. அது அங்கே இருப்பதே அவருக்கு மறந்துபோயிருந்தது. ஜன்னல் நிறைய மலை.

"இத எங்கம்மா வெக்கிறது?"

"கிரிவலத்துல வாங்கினத இங்கயா வெப்பாங்க? சாமி ரூம்ல வைப்பா" என்றாள் சிந்துஜா.

வைத்தார். இருட்டுவதற்குள் அறையின் படம் ஹைதராபாத்துக்குப் போய்விட்டது.

ஞாயிற்றுக்கிழமை அம்மா காலி நெய் பாட்டிலைக் கழுவி, கை பழக்கத்தில் பின்பக்கம் எடுத்துப் போனாள். அப்பா பேப்பரிலிருந்து தலையைத் தூக்கினார்.

"அங்க எங்க எடுத்துனு போற? அது பாப்பா வேல பாக்கற ரூமு."

கொஞ்சம் யோசித்தார்.

"கேட்டாண்ட வை. அடுத்த பௌர்ணமிக்கு ஆவும்."